பக்கத்தில் உட்கார ஒருவர்

(ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணி ஓய்வுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குள் நமக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டு என்னை இங்கே அழைத்திருக்கிறீர்கள். இருக்கிறது என்பதுதான் என் பதில். அந்த வேலை எது, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நான் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜித் தீவுகளில் கற்றுக்கொண்டேன். மகள் குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்த காலத்தில், முறையாக அனுமதி வாங்கி, லபாசா என்ற ஊருக்கு வெளியே ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போய்வந்தேன். பணிக்காலம் முழுவதும் கணக்கு நடத்தியவன் நான். அந்தப் பள்ளித் தலைமையாசிரியை எனக்குக் கொடுத்தது கணக்கு வகுப்பு அல்ல. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து புத்தகம் வாசிப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்றார். கேட்பதும் ஒரு வேலையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு தொடக்கப்பள்ளியில் அதைவிட அவசியமான வேலை வேறில்லை என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஃபிஜி 330-க்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்த நாடு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீவுகளில்தான் ஆள் நடமாட்டம். 2017 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே 8,84,887. விட்டி லெவு, வனுவா லெவு என்று இரண்டு பெரிய தீவுகள். லபாசா வனுவா லெவுவில் இருக்கிறது. கரும்பு ஊர். அரைவைப் பருவம் வந்துவிட்டால் ஆலை வாசலில் கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சாலையோரத்துச் சிறு தண்டவாளங்களில் கரும்புப் பெட்டிகள் கோத்த ரயில் ஊர்ந்து போகும்.

அந்தக் கரும்புதான் நம் மக்களை அங்கே கொண்டு சேர்த்தது. 1879 மே 14-ஆம் தேதி லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியது. 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். மொத்தத்தில் கால் பங்கு, தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளுமான தென்னாட்டார். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. கிர்மித் என்று இன்றும் அந்த வாழ்வை அங்கே நினைவுகூர்கிறார்கள்.

கூலிக்கு ஆள் தேடிய ஆட்சி, அந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆள் தேடவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டார்கள். கரும்புப் பணத்தில் மிச்சம் பிடித்துப் பள்ளிக்கூடம் போட்டார்கள். 1926-இல் நாடி நகரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தொடங்கியது. அதைத் தோற்றுவித்த சாது குப்புசாமி, தாமே ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிப் போனவர். சங்கத்தாரின் அழைப்பை ஏற்று இராமகிருஷ்ண மிஷன் துறவிகள் வந்தார்கள். 1939-இல் வந்த சுவாமி ருத்ரானந்தாவின் உழைப்பில், 1949-இல் நாடியில் விவேகானந்தா உயர்நிலைப்பள்ளி எழுந்தது. இன்று அந்தச் சங்கம் 20-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது.

இந்த வரலாற்றை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கும் ஃபிஜியின் பள்ளிகள் அனேகமாக எல்லாமே ஊர்க் குழுக்கள், தேவாலயங்கள், சமய அமைப்புகள் ஆகியவற்றுக்குச் சொந்தமானவை. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. கட்டடமும் நிலமும் மக்களுடையவை. கூரைத் தகரம் கழன்றால் குழுவில் இருக்கிற கரும்பு விவசாயி ஏணி கொண்டுவந்து ஆணி அடிக்கிறார். புல் மண்டினால் தாத்தாமார்கள் கத்தியோடு வருகிறார்கள். வயதானவர் பள்ளிக்கு உழைப்பது அங்கே நூறாண்டுப் பழக்கம். வெளியிலிருந்து போகிற நாம் அந்த வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறோம். இதை மனதில் பதித்துக்கொண்டால், உதவி செய்யப் போகிறவருக்கு வரக்கூடிய முதல் நோயான தலைக்கனம் வராது.

நான் போன பள்ளியும் தென்னாட்டார் கட்டியதுதான். ஆனால் வகுப்பில் இப்போது பாதிக்கு மேல் தீவின் பூர்வகுடிகளான இதௌகெய் பிள்ளைகள். தலைமையாசிரியையும் இதௌகெய் பெண்மணி. இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு. நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிகளுக்கு உரியது. கரும்பு விவசாயிகளுக்குக் கொடுத்த குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கின. புதுப்பிக்க முடியாத குடும்பங்கள் கரும்புக் காட்டை விட்டு நகரங்களுக்குப் போயின. 1987-இலும் 2000-இலும் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கடல் தாண்டினார்கள். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் இருக்கிறது, பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தன் வம்சம் போன பிறகும் ஊருக்குப் பயன்படுகிற ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்களே, அந்தக் கூலிக்காரர்களைவிடப் பெரிய கல்வி வள்ளல்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

போனவர்களில் ஆசிரியர்களும் ஏராளம். இதற்கிடையில் 2009-இல் அரசு ஊழியர் ஓய்வு வயதை 60-லிருந்து 55-ஆகக் குறைத்தார்கள். நல்ல திடத்தோடு இருந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னால் வந்த அரசு அதை மீண்டும் 60 ஆக்கியது. ஆனாலும் அண்மை ஆண்டுகளில் ஆசிரியர்கள் மறுபடி வெளிநாடு போக, ஓய்வுபெற்றவர்களையே திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட வேண்டியதாயிற்று. சிறிய பள்ளிகளில் ஒரே அறையில் இரண்டு வகுப்புகள், இரண்டுக்கும் ஒரே ஆசிரியர். இந்த நிலை நமக்கும் புதிதல்ல.

கணக்கு ஆசிரியனாக ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், வாசிப்புக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகைப்பதிவு எடுக்காமல், கரும்பலகை பக்கமே திரும்பாமல், யாரையும் அதட்டாமல் இருந்தால்கூட ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம். எடுத்து நிறுத்த முடியாது. அந்த ஆசிரியைக்குத் திறமை குறைவு இல்லை, அக்கறை குறைவு இல்லை. நேரம் இல்லை. நம்மிடம் என்ன இருக்கிறது? நேரம் ஒன்றுதான் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் நான் சொல்ல வந்த வேலை.

வாசிப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? இதற்கான விடையை உலகத்துக்குக் கொடுத்த இடங்களில் ஃபிஜியும் ஒன்று. 1980-81-இல் நியூசிலாந்துக் கல்வியாளர் வாரிக் எல்லியும் ஃபிஜியின் பிரான்சிஸ் மங்குபாயும் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பு அறைகளில் படம் போட்ட ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் 250-ஐக் கொண்டுபோய் வைத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்துக் கதையைப் பேசினார். சில வகுப்புகளில் தினமும் கொஞ்ச நேரம் அவரவர் அமைதியாக வாசித்தார்கள். வேறு சில பள்ளிகளில் வழக்கமான வாக்கியப் பயிற்சியே தொடர்ந்தது. ஏறத்தாழ எட்டு மாதத்துக்குப் பிறகு சோதித்தபோது, கதைப்புத்தகம் வாசித்த பிள்ளைகள் வாசித்தறிவதிலும் கேட்டறிவதிலும் வழக்கத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பலன் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியிருந்தது. 1983-இல் வெளியான இந்த ஆய்வை இரண்டாம் மொழி கற்பித்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். இதற்கு முன்னோடியாக, நியுவே என்ற குட்டித் தீவில் ஒரு கல்வியாளர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே 48 கதைப்புத்தகங்கள் எழுதிப் படிக்க வைத்திருந்தார். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. கதை, கதையைக் கையில் எடுக்கிற பிள்ளை, அதற்கென ஒதுக்கிய நேரம். அவ்வளவுதான்.

ஃபிஜிப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகத் தேவை. இதௌகெய் பிள்ளை வீட்டில் பேசுவது தன் வட்டார வழக்கு. ஏட்டில் இருப்பது பாவு தீவு வழக்கிலிருந்து வந்த பொது ஃபிஜியன். மேல் வகுப்புக்குப் போனால் எல்லாப் பாடமும் ஆங்கிலம். இந்தியப் பிள்ளை வீட்டில் பேசுவது ஃபிஜி இந்தி. பள்ளியில் படிப்பது தேவநாகரியில் எழுதும் ஏட்டு இந்தி. அதற்கு மேல் ஆங்கிலம். தமிழ் வம்சத்துப் பிள்ளைகளும் வீட்டில் இந்தியில்தான் பேசுகிறார்கள்; தமிழ் கோயிலிலும் பஜனையிலும் இருக்கிறது. மூன்று படிக்கட்டுகளை ஏறவேண்டிய பிள்ளைக்குக் கைப்பிடி ஒன்று வேண்டும் அல்லவா?

இப்போது வகுப்புக்கு வெளியே இருந்த அந்தத் தாழ்வாரத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். கண்ணாடிப் பட்டை சன்னல்கள். உள்ளே ஆசிரியை நடத்துவது எனக்குக் கேட்கும். நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது அவர்கள் விதி, நல்ல விதி. ஒரு சிறிய பெஞ்சு. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், ஆற்றுக்கு அக்கரைக் கிராமத்துப் பிள்ளை, புத்தகத்தோடு வந்து உட்காருகிறான். பூனையைப் பற்றிய கதை. ஆங்கிலத்தில் 'கேட்' என்று இருக்கிற இடத்தில் அவன் 'தட்' என்று வாசிக்கிறான்.

விவரம் அறியாதவர் இதைக் கேட்டால் பையனுக்கு எழுத்தே தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். வகுப்பாசிரியை இதை முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தார். 1830-களில் மிஷனரிகள் ஃபிஜியனுக்கு எழுத்து வகுத்தபோது, ஆங்கில 'சி' எழுத்தை, நாம் 'அது' என்று சொல்லும்போது வருகிறதே மெல்லிய தகரம், அதற்கு வைத்தார்கள். 'டி' என்று எழுதினால் 'ண்ட' என்று சொல்ல வேண்டும். 'பி' என்று எழுதினால் 'ம்ப' என்று சொல்ல வேண்டும். நாடி என்று எழுதுகிற ஊர் நாண்டி. லபாசா என்று எழுதுகிற ஊர் லம்பாசா. அந்தப் பையன் தன் தாய்மொழி எழுத்தை ஒழுங்காகக் கற்றவன். கற்றதைத்தான் ஆங்கிலத்திலும் செலுத்துகிறான். அவன் செய்வது பிழை என்பதைவிட, இரண்டு எழுத்து முறைகளுக்கு நடுவில் நிற்கிறான் என்பதே சரி. இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனை பட்டம் பெற்றவர் போய் உட்கார்ந்தாலும் அவனுக்குக் கெடுதல்தான் செய்வார். ஆகவே முதல் பாடம்: அங்கே இருக்கிற ஆசிரியர்தான் ஆசிரியர். போகிற நாம் அவர் சொல்வதைக் கேட்டு நடக்கிற துணை ஆள். நான் பிள்ளைகளின் ஃபிஜியன் எழுத்து அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு படித்தபிறகுதான் பெஞ்சுக்குப் போனேன்.

பையன் வரிக்குக் கீழே விரல் வைத்து வாசிக்கிறான். ஒரு சொல்லில் நின்றுவிடுகிறான். என் முகத்தைப் பார்க்கிறான். நாம் எல்லோரும் வாழ்நாள் முழுக்கச் செய்த காரியம், உடனே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவது. சொன்னால் அவன் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அடுத்த பக்கத்தில் அதே சொல்லில் மறுபடி நிற்பான். 1970-களின் இறுதியில் நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில், பெற்றோரே வீட்டில் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லித்தர ஒரு முறை உருவாக்கினார்கள். பொறு, குறிப்புக் கொடு, பாராட்டு என்று மூன்றே படி. பிள்ளை நின்றால் ஐந்து நொடியாவது வாயைத் திறக்காதே. அப்புறமும் வரவில்லையென்றால் படத்தைப் பார், வரியின் தொடக்கத்திலிருந்து வா என்று ஒரு குறிப்பு. தானே சரிசெய்துகொண்டால் எதற்காகப் பாராட்டுகிறாய் என்பதைச் சொல்லிப் பாராட்டு.

அந்த ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்பது பொறுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பையன் என் முகத்தைப் பார்க்கிறான். நான் புத்தகத்தைப் பார்க்கிறேன். அவன் விரல் பின்னால் போகிறது. வரியின் தொடக்கத்துக்குப் போய், உதட்டை மட்டும் அசைத்து மறுபடி வருகிறான். தடுக்கிய சொல்லை, கொஞ்சம் சத்தமாகவே, சொல்லிவிடுகிறான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது அவன் சொந்தச் சம்பாத்தியம். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மணி அடிப்பதற்குள் பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியையால் இந்த ஐந்து நொடியை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்க முடியாது. அவசரமில்லாத ஒரு மனிதரால் முடியும். நண்பர்களே, வயது நமக்குக் கொடுத்திருக்கிற ஒரே தனித் தகுதி இதுதான்: நமக்கு அவசரமில்லை.

இனி, செய்யக் கூடாதவை. பணம், பேனா, மிட்டாய் என்று கையில் அள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு விநியோகிக்கக் கூடாது. வாங்கிக் கொடுக்க முடியாத பெற்றோரை அது கூனிக்குறுக வைக்கும். பிள்ளைகளைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது. சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளிக்குள் நுழையக் கூடாது. அனுமதியும் காவல்துறைச் சான்றும் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளை அவர்கள் காப்பாற்றுகிறார்கள். கிராமத்துக்குள் போவதற்கும் முறை உண்டு. அந்தப் பையனின் பாட்டியைப் பார்க்கத் தலைமையாசிரியை என்னை அழைத்துப் போனபோது, முதலில் யங்கோனா என்ற செடியின் வேர்க்கட்டு ஒன்றை ஊர்ப் பெரியவர் முன்னால் பாயில் வைத்து, வந்த காரியத்தைச் சொல்லி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குப் போனோம். மரியாதையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற அந்த ஒழுங்கு பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும்.

மிக முக்கியமானது, நாம் திரும்பிவந்த பிறகு நின்றுபோகிற எதையும் தொடங்கக் கூடாது. நான் போனபோது நன்கொடையாக வந்த புத்தகங்கள் பீரோவில் பூட்டியிருந்தன. கிழிந்துவிடும் என்ற பயம். ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும் என்ற பயம். பயத்தில் நியாயம் உண்டு. 2016 பிப்ரவரி 20-இல் வின்ஸ்டன் புயல் அடித்து 44 பேர் இறந்த நாடு அது. நூற்றுக்கணக்கான பள்ளிகள் சேதமாகி, பல இடங்களில் பிள்ளைகள் கூடாரத்தில் படித்தார்கள். ஆகவே மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் புத்தகங்களை வகுப்புவாரியாக வைத்தோம். எச்சரிக்கை வந்தால் மூடித் தூக்கி உயரத்தில் வைத்துவிடலாம். புத்தகம் கொடுக்கல் வாங்கல் பதிவேட்டை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதினார்கள். பிறகு அவர்களுக்கே அந்த மூன்று படியையும் பழக்கினோம். பெரிய பிள்ளை பக்கத்தில் உட்கார, சின்னப் பிள்ளை வாசித்தது. தலைமையாசிரியை பாட்டிமார்களையும் அழைத்தார். எழுத்துத் தெரியாத ஓர் ஆஜி, அதாவது பாட்டி, பேரன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, கதையில் அடுத்து என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டார். அவன் விளக்கியே ஆக வேண்டும். வாசித்தது புரிந்ததா என்று சோதிக்க அதைவிடச் சிறந்த கேள்வித்தாளை நான் என் பணிக்காலத்தில் தயாரித்ததில்லை. நான் கிளம்பும்போது அந்தப் பெஞ்சுக்கு நான் தேவைப்படவில்லை. அதுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

ஃபிஜி உதவி வாங்குகிற நாடு மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 55 வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட தன் ஆசிரியர்களை, 2010-களில் ஒரு தன்னார்வத் திட்டத்தின் கீழ் மார்ஷல் தீவுகளுக்கும் நவுருவுக்கும் அனுப்பிய நாடு அது. மார்ஷல் தீவுகள் 29 பவளத்திட்டுகளும் 5 தனித் தீவுகளுமாகக் கடலில் சிதறிக் கிடப்பவை. நிலம் கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலே. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தி, பிகினி, ரோங்கலாப் மக்களைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்தது. அப்படிப்பட்ட தீவுக்குப் போன ஃபிஜி ஆசிரியருக்குச் சரக்குக் கப்பலுக்குக் காத்திருக்கத் தெரியும். மழைநீரைச் சேர்த்து வாழத் தெரியும். இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்கிற பிள்ளையைத் தெரியும். ஒரு தீவில் ஓய்வு பெற்றவர் இன்னொரு தீவின் வகுப்பறையில் மறுபடி நிற்கிறார். தன் வீட்டிலேயே ஆள் பற்றாத நாடு அடுத்த வீட்டுக்கும் கைகொடுத்திருக்கிறது. வசதி வந்தபிறகு பார்க்கலாம் என்று நாம் சொல்கிற சாக்கு அவர்களிடம் இல்லை.

உங்களை எல்லாம் ஃபிஜிக்குக் கிளம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளோடு போய்த் தங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த ஊர்ப் பள்ளி எது, அங்கே யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். இங்கேயே இருப்பவர்கள் உங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். யோசனை சொல்லப் போகாதீர்கள். என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். கொடுத்த வேலையைச் செய்யுங்கள். வாரத்தில் எந்தக் கிழமை வருவேன் என்று சொல்கிறீர்களோ அந்தக் கிழமை தவறாமல் போங்கள். வராமல் போன மனிதருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அடுத்து வருகிறவரையும் நம்பாது. ஆறு மாதம் ஒரே பிள்ளையோடு உட்காருங்கள். அது தட்டுத்தடுமாறி வாசித்த புத்தகத்தைத் தம்பிக்கோ தங்கைக்கோ வாசித்துக் காட்டுகிற நாள் வரும். அன்று இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். கேட்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இந்த ஒரே அறையில் இருக்கும்போது, நம் ஊரில் வாசிக்கக் காத்திருக்கிற பிள்ளை எதுவும் தனியாக உட்கார வேண்டியதில்லை.